தொரை ஜீப்புக்கு வழிவிட்ட காலை

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அது’.

“அது வலிக்குதா?” என்று நான் கேட்பேன்.

“அது எங்க வலிக்குது? வலிச்சாத்தான் தேவலையே” என்பாள் மனைவி, அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமல்.

வலது மார்பில், அக்குள் பக்கமாக, ஊறவைத்த கடலை அளவில் ஒரு கட்டி. குளிக்கும்போது அவள் விரல்தான் முதலில் கண்டது. பிறகு தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு ஸ்கேன், பிறகு நுவரெலியா ஆஸ்பத்திரி. ஊசியை விட்டு உள்ளேயிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்து எங்கோ அனுப்பினார்கள். அங்கே எங்களை அறியாத ஒருவர் குனிந்து அதைப் பார்த்து, எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டிருப்பார். அதைத் தெரிந்துகொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறும் சாப்பிட்டிருப்பார். அந்த நினைப்பு என்னை உட்காரவிடவில்லை.

நான் அந்த நாட்களில் உட்காரவே இல்லை. வகுப்பில் கரும்பலகைக்கும் கதவுக்கும் நடந்தேன். வீட்டில் தண்ணீர்க் குழாய்களை இறுக்கினேன். எல்லாம் இறுக்கி முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குழாயையும் இறுக்கப் போனேன். மழை வந்தால் வெளியே நின்றேன், வெயில் வந்தால் உள்ளே வந்தேன். எங்கள் டயகமவில் இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை மாறி மாறி வரும். நானும் நாலு தடவை உள்ளேயும் வெளியேயும் அலைந்தேன். அவளோ கொப்பிகளைத் திருத்தினாள். அவளும் டீச்சர்தான், அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு. சிவப்புப் பேனாவால் பிள்ளைகளின் பிழைகளை வட்டம் போடும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன். “வெளிச்சத்த மறைக்காதீங்க” என்பாள்.

முடிவைக் கேட்கப் போக வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை. அந்தக் கிளினிக் கிழமைக்கு ஒரு நாள்தான். பத்து மணிக்கு முன்னால் நம்பர் எடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு கிழமை ‘அது’வோடு ஒரே வீட்டில்.

ஏழு மணிக்கே காரை எடுத்துவிட்டேன். கார் என்றால் பெரிய கார் இல்லை. இரண்டு பேர் கையை மாற்றி மூன்றாவதாக எங்களிடம் வந்தது. ஆனால் என் பக்கத்திலும் அவள் பக்கத்திலும் இதற்கு முன் எவரிடமும் கார் இருந்ததில்லை. பனி ரோட்டில் கிடந்தது. தேயிலை மலை இரு பக்கமும் ஈரமாக நின்றது. மடியில் ஆஸ்பத்திரிப் பைல் வைத்த பெரிய மண்ணிற உறையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். வைப்பரைப் பற்றி, டயரைப் பற்றி, லிந்துலைப் பக்கம் ரோடு வெட்டுவதைப் பற்றி.

கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையைத் தாண்டியதும் கண்ணாடியில் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. பனியிலிருந்து பச்சை நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்தப் பச்சையை இந்தத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தொரையின், அதாவது தோட்டத்து மானேஜரின் ஜீப். இரண்டு முறை ஹோர்ன் அடித்தது.

தொரை ஜீப் வந்தால் ஒதுங்குவது எங்கள் ஆட்களுக்கு ரோட்டுச் சட்டம் இல்லை. அது உடம்புக்குள் இருக்கிற ஒன்று. என் அப்பா கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார். தண்ணீர் முழங்காலுக்கு ஓடும். ஜீப் வளைவில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவார். இப்போது யாரும் அப்படி நிற்பதில்லை. இளசுகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடு ரோட்டில் போகிறார்கள், ஜீப்தான் ஒதுங்குகிறது. நானும் இருபத்தைந்து வருடமாக வகுப்பில், யாரைக் கண்டும் ஒதுங்கி நிற்காதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்லி வந்தவன். அன்றைக்கு என் இரண்டு கையும் என்னைக் கேட்கவில்லை. ஹோர்ன் சத்தம் காதில் விழுந்ததும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துவிட்டன.

முன் சக்கரம் கானுக்குள் இறங்கியது. அடுத்த நொடி பம்பர் கல்லுக்கட்டில் மோதி, லைட் நொறுங்கும் சத்தம். அவள் மடியிலிருந்த உறை காலடியில் விழுந்தது. பெல்ட் இருவரையும் பிடித்து நிறுத்தியது. அவள் செய்த முதல் காரியம், இடது கையால் வலது மார்பைப் பொத்திக்கொண்டது. இரண்டாவது, உறையைக் குனிந்து எடுத்தது.

“அடிபட்டிச்சா?”

“இல்ல. ஒங்களுக்கு?”

“இல்ல.”

இறங்கிப் பார்த்தேன். என் காருக்கு வலது பக்கம் ஒரு பஸ் போகும் அளவு ரோடு காலியாகக் கிடந்தது.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பேரும் சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர்களில் மூத்தவர், வாய்க்குப் பேர் போன ஒரு அக்கா, முதலில் என் மனைவியைத்தான் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லையே டீச்சர்? காலங்காத்தால எங்க கெளம்புனீங்க?”

“கல்யாணம் ஒண்ணு வருதுக்கா. சீல எடுக்க டவுனுக்குப் போறோம்” என்றாள் என் மனைவி, கண் சிமிட்டாமல்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அந்த அக்கா உறையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி உறையை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

“எக்ஸ்ரே உறைய மடியில வச்சிக்கிட்டு சீல எடுக்கப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான் டீச்சர்” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் முதுகில் கையை வைத்து அப்படியே நின்றார்.

ஜீப் கொஞ்சம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தான். முப்பது வயதுக்காரன், மூன்றாம் வகுப்பில் என் மனைவியிடம் படித்தவன்.

“சேர், எதுக்கு சேர் இப்பிடி ஒதுங்குனீங்க? எடம் கெடந்திச்சே!”

“தொரை உள்ள இருக்காரா?”

“தொரை பங்களாவுல தூங்குறாரு சேர். நாய்க்கு ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல. ஊசி போட நுவரெலியாவுக்குக் கொண்டு போறேன்.”

ஜீப்பின் பின் கண்ணாடியில் பழுப்பு நிற நாய் ஒன்று மூக்கை அழுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண்கள் நாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு மலையே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள்.

“ஐயோ சேர், நாய்க்கா இம்புட்டு மரியாத!”

“சும்மா சொல்லாதடி. அது பங்களா நாயி. நம்ம லயத்து நாயின்னா சேர் இடிச்சிட்டுப் போயிருப்பாரு.”

“குடை இருந்திருந்தா மடக்கியிருப்பீங்க, இல்ல சேர்?”

என் மனைவியும் சிரித்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு. மூன்று மாதமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கேட்டும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நொறுங்கிய லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பா கானுக்குள் நின்ற இடம் இந்த வளைவுதானா, அடுத்த வளைவா என்று தேவையில்லாமல் மனது ஓடியது.

இன்சூரன்ஸுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், ஏஜண்ட் தலவாக்கலையிலிருந்து வர வேண்டும், ஒன்றரை மணி நேரமாகும், போட்டோ எடுக்கும் வரை வாகனத்தை அசைக்காதீர்கள் என்றது. சரி என்றேன். ஃபோனிலேயே முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, கானுக்குள் குனிந்து என்று படம் படமாக எடுத்தேன். பம்பரின் பள்ளத்தை விரலால் அளந்தேன். ஒன்றரைச் சாண். லைட், பம்பர், கொஞ்சம் பெயின்ட். கராஜில் கழற்றி மாட்டினால் தீர்ந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்: அந்தப் பத்து நிமிடமும் நான் நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக, என்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“மணி ஏழே முக்கால்” என்றாள் அவள்.

“ஏஜண்ட் வரட்டும். வந்தவுடனே கெளம்பிரலாம்.”

“ஒண்ணரை மணி நேரம்னு சொன்னாங்கல்ல? பத்துக்கு முன்ன எப்பிடிப் போறது?”

“காரை இப்பிடியே விட்டுட்டுப் போக முடியாதே. அசைக்கவும் கூடாதாம்.”

“அப்ப?”

“அடுத்த கிழமை போனா என்ன?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பதில் தெரிந்தும் பயத்தில் வாய் திறக்காத பிள்ளையை வகுப்பில் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“நீங்க ஏஜண்ட் வர்ற வரைக்கும் இருங்க. நான் போய் என்னன்னு கேட்டுட்டு வாறேன்” என்றாள். டிரைவரிடம் திரும்பினாள். “தம்பி, டவுன் வரைக்கும் விட்டுர்றியா?”

“வாங்க டீச்சர். தொரைக்குத் தெரிஞ்சா ஏசுவாரு, ஏசட்டும். முன்னால ஏறுங்க, நாய் பின்னால இருக்கு.”

அவள் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பச்சை ஜீப்பை நோக்கி நடந்தாள். ஐம்பது அடி இருக்கும். அவ்வளவு தூரமும் நான் ஒடிந்த பம்பரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு நாற்காலியில், அவள் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்பாள். நான் இங்கே ஒரு லைட்டுக்குக் காவல் நிற்பேன். ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

“சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க சேர்!” என்று பின்னாலிருந்து கத்தினார் அந்த அக்கா. “காரு எங்கயும் ஓடிறாது. நாங்க மேலதான நிக்கிறோம்!”

சாவியை எறிந்தேன். படங்கில் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

தொரை ஜீப்புக்குள் என் வாழ்நாளில் அன்றுதான் ஏறினேன், பின் சீட்டில், நாயோடு. அது ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது. வழி முழுக்க நடுங்கிக்கொண்டே வந்தது. ஊசி என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்றான் டிரைவர். அதன் கழுத்தில் கையை வைத்தேன். டவுன் வரும்வரை எடுக்கவில்லை.

“கண்டம் காரோட கழிஞ்சிருச்சு டீச்சர்” என்றான் டிரைவர். “பாருங்க, ரிப்போர்ட்டு நல்லாத்தான் இருக்கும்.”

அவள் “ம்” என்றாள். நானோ அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். தலவாக்கலையைத் தாண்டி நானுஓயா ஏற்றம் முடியும் வரை மனதுக்குள் பேரம் பேசினேன். லைட் போதாதா? பம்பரும்தான் போயிற்று. போதாதென்றால் எஞ்சினையும் எடுத்துக்கொள். முழுக் காரும் அந்தக் கானிலேயே கிடக்கட்டும். யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலே விலையை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒன்பது நாற்பதுக்கு நம்பர் எடுத்தோம். அவளுக்கு வாங்குப் பலகையில் இடம் கிடைத்தது. நான் நின்றேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி நடந்தேன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா இளவயது. சிங்களத்தில் மெதுவாகப் பேசினார், இடையில் எங்களுக்காக “பயப்பட வேணாம்” என்று தமிழில் ஒரு தடவை. காகிதத்தைப் பிரித்த அதே நேரம் என் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி, மதியம்தான் வந்து சேர்ந்த ஏஜண்ட். வெட்டினேன். டாக்டரம்மா பேசத் தொடங்கினார். மறுபடி அடித்தது. வெட்டினேன். மூன்றாம் முறை அடித்தபோது அவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி என் பையைப் பார்த்தார். ஃபோனையே அணைத்தேன். அந்த அமைதிக்குள்தான் அவர் மீதியைச் சொன்னார்.

கேன்சர். சின்னது. சீக்கிரம் கண்டிருக்கிறீர்கள், அது நல்லது. வெட்டி எடுக்க வேண்டும், அக்குளுக்குள்ளும் பார்க்க வேண்டும், பிறகு மருந்து ஏற்ற வேண்டி வரலாம். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வந்து வார்டில் படுங்கள்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இருபத்தைந்து வருடம் பேசியே சம்பளம் வாங்கியவன் நான். அணைத்த ஃபோனைப் பையில் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டாள், என்னைவிட நல்ல சிங்களத்தில்: “இந்தக் கையை எப்போது தூக்கலாம்? போர்டில் எழுத வேண்டும்.”

டாக்டரம்மா முதல் முறையாகப் பேனாவை வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். உயரத்தில் எழுதக் கொஞ்ச மாதம் போகும் என்றார்.

“அப்போ கீழே எழுதுகிறேன். என் பிள்ளைகளும் உயரம் இல்லை” என்றாள்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். கண்டம் கழியவில்லை. கானில் விழுந்த காருக்கும் இவளுக்கும் யாரும் எங்கேயும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கவில்லை. நானாகப் போட்ட முடிச்சு. அது அவிழ்ந்ததும் என் கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போய் ஃபோனைத் திறந்தேன். உடனே அடித்தது.

“சேர், எவ்வளவு நேரமா எடுக்கிறேன்! வாகனம் கான்ல விழுந்திச்சின்னு சொன்னீங்க. இங்க ரோட்டு மேல நேரா நிக்கிது!”

“நான் அங்க இல்ல தம்பி. எப்பிடி ரோட்டு மேல வந்திச்சி?”

“பொம்பளையாளுங்க பத்துப் பேர் சேந்து தூக்கி வச்சிட்டாங்களாம் சேர். நான் எப்பிடி போட்டோ எடுக்கிறது? திருப்பி கானுக்குள்ள எறக்கித் தாங்கன்னு கேட்டா ஏசுறாங்க!”

அவன் குரலுக்குப் பின்னாலிருந்து, பனியையும் மலையையும் தாண்டி, அந்த அக்காவின் குரல் தெளிவாக வந்தது: “நீ எறங்கு ராசா கானுக்குள்ள! ஒன்னய நாங்க போட்டோ புடிக்கிறோம்!”

ஃபோனை அவள் காதில் வைத்தேன். கேட்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு மாறியது என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் என் தோளில் இருந்தது, தோள் நனைந்தது, குலுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை மாதத்தில் நான் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான் என்று பிறகு யோசித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். பஸ் நானுஓயாவுக்கு வந்தபோது மகள் ஃபோனில் கூப்பிட்டாள். பேராதனைக் கேம்பஸில் படிக்கிறாள். கானுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும் எங்கள் காரின் படம் யாரோ எடுத்து, யார் யாருக்கோ போய், அவளிடம் சேர்ந்துவிட்டது.

“அப்பா! ஆக்சிடெண்டா? யாருக்கும் அடிபடலையே? நாய்க்கு ஒதுங்குனீங்களாம்?”

எனக்கு வாய் திறந்துகொண்டது. பனியைச் சொன்னேன், ஹோர்னைச் சொன்னேன், நாய் மூக்கைச் சொன்னேன், ஏஜண்டைக் கானுக்குள் இறங்கச் சொன்னதைச் சொன்னேன். அவள் சிரிக்கச் சிரிக்க நான் சொல்லிக்கொண்டே போனேன். லைட் என்ன மாடல் என்பதுவரை சொன்னேன். பஸ் மூன்று வளைவு திரும்பியது. ஜன்னலோரம் என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற இடம் வந்தது.

“சரிப்பா. இன்னைக்கு அம்மாவோட ரிப்போர்ட் எடுக்கணுமே, அது?”

அது. எங்கள் வீட்டுச் சொல் அவள் வாயிலும் இருந்தது.

“அம்மாவுக்குக் கேன்சர்மா” என்றேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு போனார். “சின்னதாம். வெட்டி எடுக்கணுமாம். திங்கட்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை.”

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மனைவி ஜன்னலிலிருந்து திரும்பி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

“அழுறதுன்னா ரெண்டு நிமிஷம் அழு. நான் இருக்கேன்” என்றாள். காத்திருந்தாள். உண்மையாகவே இரண்டு நிமிடம் இருக்கும். “ம். இப்ப கேளு. பரீட்சைய எழுதிட்டு வா, விட்டுட்டு வரக் கூடாது. வரும்போது முன்னால பட்டன் வச்ச சட்டை ரெண்டு வாங்கிட்டு வா. கைய மேல தூக்கிப் போட முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பெரிய சைஸா பாரு… என்ன கலரா? எதுன்னாலும் சரி.”

கொஞ்சம் யோசித்தாள்.

“வெள்ளை மட்டும் வேணாம்.”